நான்கு போலீஸ்காரர்களா, வட்டார மன்றங்களா, ஒரே உலகச் சபையா? ரூஸ்வெல்ட் முன் இருந்த மூன்று வழிகள்

1942 மே மாத இறுதியில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொட்டோவ் வேறு பெயரில் வாஷிங்டன் வந்து வெள்ளை மாளிகையிலேயே தங்கினார். அவருடைய பெட்டியைப் பிரித்து அடுக்கிய பணியாளர் உள்ளே கறுப்பு ரொட்டி, சாசேஜ், ஒரு கைத்துப்பாக்கி மூன்றும் இருந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனாராம். மேற்கு ஐரோப்பாவில் இரண்டாவது போர்முனையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்கத்தான் மொலொட்டோவ் வந்திருந்தார். அதிபர் ரூஸ்வெல்ட் அதோடு நிற்காமல், விருந்தாளி கேட்காத ஒன்றையும் பேச்சில் எடுத்துப் போட்டார். போர் முடிந்ததும் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், சீனா ஆகிய நான்கு நாடுகள் உலகத்துக்குப் போலீஸாக இருக்கட்டும். மற்றவர்கள், தோற்றவர்களானாலும் சரி, பிரான்ஸ் போன்ற நண்பர்களானாலும் சரி, ஆயுதத்தைக் கீழே வைக்கட்டும். யாராவது ஒளித்து ஆயுதம் சேர்த்தால் முதலில் முற்றுகை. அதற்கும் மசியாவிட்டால் குண்டுவீச்சு.

இந்தப் பேச்சு நடந்தபோது வெற்றி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பர்மா ஜப்பான் கையில் இருந்தது. பிலிப்பைன்ஸில் கொரெகிடோர் கோட்டை அதே மாதத் தொடக்கத்தில்தான் விழுந்திருந்தது. மிட்வே கடற்போர் இன்னும் நடக்கவில்லை. அந்த நிலைமையில் ஒருவர் போருக்கு அப்புறம் உலகத்தை யார் காவல் காப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார் என்பதே வியப்புதான்.

அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் இதற்குப் போட்டியாக இரண்டு திட்டங்கள் தெளிவாக உருவாகிவிட்டன. ஒன்று சர்ச்சிலுடையது: கண்டத்துக்கு ஒன்றாக வட்டார மன்றங்கள். இன்னொன்று ரூஸ்வெல்டின் சொந்த வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் பிடிவாதமாக வளர்த்தது: எல்லா நாடுகளும் சம உரிமையோடு சேரும் ஒரே உலக அமைப்பு. 1943 இறுதியில் ரூஸ்வெல்ட் மேசையில் இந்த மூன்றும் இருந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் கலந்து அவர் கடைசியில் எடுத்த முடிவுதான் சரி. ஆனால் அது அவர் எதிர்பார்த்த காரணத்தால் சரியானதல்ல. அவர் எஞ்சின் என்று நினைத்த பாகம் கடைசிவரை ஓடவே இல்லை. ஒப்புக்குச் சேர்த்த பாகம்தான் வண்டியை இழுத்தது.

ஒப்பிட நான்கு கேள்விகள் போதும். வம்பு செய்கிற நாட்டை அடக்கப் படை அனுப்புவது யார்? அமெரிக்க செனட் இதை ஏற்குமா? ஸ்டாலின் உள்ளே இருப்பாரா? அப்புறம், மேசையில் நாற்காலியே இல்லாத சிறிய நாடுகளுக்கும் காலனிகளுக்கும் என்ன கிடைக்கும்? கடைசிக் கேள்வியை அன்று வாஷிங்டனில் கேட்டவர்கள் குறைவு. நாம் கேட்காமல் விட முடியாது.

முதல் திட்டத்தின் பின்னணி தெரியாமல் அதை எடைபோட முடியாது. ரூஸ்வெல்ட் முதல் உலகப்போர்க் காலத்தில் வுட்ரோ வில்சன் அரசில் கடற்படைத் துறையின் துணைச் செயலாளர். 1920 தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்று, முதல் உலகப்போருக்குப் பின் அமைதி காக்க வில்சன் பெற்றெடுத்த பன்னாட்டுச் சங்கத்தை (League of Nations) ஆதரித்து ஊர் ஊராகப் பேசித் தோற்றவர். அதே ஆண்டு மார்ச் 19 அன்று சங்கத்தை உள்ளடக்கிய வெர்சாய் ஒப்பந்தத்தை செனட் இரண்டாம் முறையாகக் கைவிட்டிருந்தது. ஆதரவு 49, எதிர்ப்பு 35. பெரும்பான்மை இருந்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்கு குறைந்தது. இந்தத் தோல்வியின் சூடு அவரை விட்டுப் போகவில்லை. 1932-இல் அதிபர் பதவிக்கு ஆசைப்பட்டபோது, இன்றைய நிலையில் உள்ள சங்கத்தில் அமெரிக்கா சேர்வதை ஆதரிக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கொள்கைக்காரர்கள் இதைத் துரோகம் என்றார்கள். எனக்கு அது கணக்குத் தெரிந்த அரசியல்வாதியின் வேலையாகத்தான் படுகிறது.

சங்கம் அதற்குள் ஜெனீவாவில் தானாகவே மதிப்பிழந்துகொண்டிருந்தது. 1931-இல் மஞ்சூரியாவை ஜப்பான் விழுங்கியது. சங்கம் விசாரணைக் குழு அனுப்பியது. 1935-இல் எத்தியோப்பியா மீது முசோலினி படையெடுத்தார்; சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது, ஆனால் பெட்ரோலை விட்டுவிட்டது. முடிவெடுக்கக் கவுன்சிலில் ஒருமித்த கருத்து வேண்டும் என்ற விதி வேறு. 1943 நவம்பரில் டெஹ்ரான் மாநாட்டில் ஸ்டாலினிடம் தன் திட்டத்தை விளக்கும்போது ரூஸ்வெல்ட் எடுத்துக்காட்டியதும் எத்தியோப்பியாவைத்தான். சூயஸ் கால்வாயை இத்தாலிக்கு மூடிவிடுங்கள் என்று பிரிட்டனிடமும் பிரான்ஸிடமும் தான் மன்றாடியதாகவும், அவர்கள் அதைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டதாகவும் சொன்னார். நான்கு போலீஸ் இருந்திருந்தால் கால்வாயை மூடியிருப்பார்கள் என்பது அவர் வாதம்.

இந்த சூயஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு, அதாவது அடக்குவது யார் என்பதற்கு, மூன்று திட்டங்களிலும் நேரடியான பதில் இதில்தான் இருக்கிறது. பெயர் சொல்லி நான்கு பேர். பேச்சு இல்லை, குழு இல்லை, ஒருமித்த கருத்துக்காகக் காத்திருப்பது இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன? நம் ஊர் வழக்கில் சொன்னால் இது நாலு பெரிய மிராசுதார்கள் நடத்துகிற கட்டப்பஞ்சாயத்து. சின்னவன் தப்பு செய்தால் தீர்ப்பு உடனே வரும். மிராசுதாரே அடுத்தவன் வயலில் வரப்பு வெட்டினால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அதற்கும் மேல் ஒரு சிக்கல். போலீஸ் நான்கு பேர் என்றாலும் ஐரோப்பாவில் நிற்கப்போவது யார்? டெஹ்ரானில் ரூஸ்வெல்டே வாயைவிட்டுச் சொன்னார்: வருங்காலத்தில் ஐரோப்பாவில் நெருக்கடி வந்தால் அமெரிக்கா விமானமும் கப்பலும் அனுப்பும், தரைப்படையை பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும்தான் தர வேண்டியிருக்கும். போரில் பிரிட்டன் ஓய்ந்துபோயிருந்தது. அப்படியானால் போலந்து, ருமேனியா, ஹங்கேரி தெருக்களில் நிற்கப்போகிற போலீஸ் யார் என்பதை ஸ்டாலினுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தை அவர் 1942-லேயே மொலொட்டோவுக்குத் தந்தி அடித்து வரவேற்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான்காவது போலீஸான சீனாவைப் பற்றி மற்ற மூவரில் ரூஸ்வெல்டுக்கு மட்டும்தான் நம்பிக்கை. 1943 மார்ச்சில் வாஷிங்டன் வந்த பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன், சீனர்கள் பசிபிக்கில் மேலும் கீழும் ஓடித் திரிவது தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றார். சியாங் காய்-ஷேக் அரசு உள்நாட்டிலேயே தள்ளாடிக்கொண்டிருந்தது. ரூஸ்வெல்டின் எண்ணமோ, நாற்பது ஐம்பது கோடி மக்கள் உள்ள நாட்டைப் பிற்காலத்தில் எதிரியாக வைத்துக்கொள்வதைவிட இப்போதே பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது என்பது. ஆட்சி மாறப்போகிறது என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த நான்கு பேரில் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தது இந்த ஒரு இடத்தில் அவர்தான் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது திட்டத்துக்கு வருவோம். 1943 மார்ச் 21 அன்று வானொலியில் பேசிய சர்ச்சில், ஐரோப்பாவுக்கு ஒரு மன்றம், ஆசியாவுக்கு ஒரு மன்றம் என்று கோடி காட்டினார். மே 22 அன்று வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதரக மதிய விருந்தில், துணை அதிபர் வாலஸ், செனட்டர் கானலி போன்றவர்கள் முன்னிலையில் அதை விரித்துச் சொன்னார். ஐரோப்பா, அமெரிக்கக் கண்டம், பசிபிக் என்று மூன்று வட்டார மன்றங்கள். அவற்றுக்கு மேலே வல்லரசுகள் அமரும் ஓர் உச்ச மன்றம். அவர் சொன்ன காரணம் சாதாரணமானதல்ல. தன் வீட்டு வாசலில் தீ எரிகிறவன்தான் ஓடிவந்து தண்ணீர் ஊற்றுவான். எங்கோ உள்ள சண்டைக்கு எல்லா நாடுகளையும் பொறுப்பாக்கினால் கிடைப்பது பேச்சும் தீர்மானமும்தான். மஞ்சூரியாவுக்காக உயிரைக் கொடுக்க ஐரோப்பாவில் யார் தயாராக இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு ஹல்லிடம் கடைசிவரை சரியான பதில் இல்லை.

ஆனால் செனட் கேள்வியில் இத்திட்டம் இடறியது. உனக்கு உன் கண்டம், எனக்கு என் கண்டம் என்று பிரித்துவிட்டால், அமெரிக்கா மறுபடியும் கடலுக்கு இந்தப் பக்கமே ஒதுங்கிவிடும் என்று ஹல் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஒதுங்கியிருக்க விரும்பியவர்களுக்கு இதைவிட வசதியான சாக்கு கிடைக்காது. அப்புறம், வட்டாரம் என்பது மெல்ல மெல்ல ஆதிக்கப் பகுதியாக மாறிவிடும் ஆபத்து. இதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டாம். 1944 அக்டோபரில் மாஸ்கோவில் ஒரு காகிதத்தில் சர்ச்சில் எழுதி ஸ்டாலின் பக்கம் தள்ளிய கணக்கு போதும். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவில் பாதிக்குப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டார். வட்டார மன்றம் என்ற அழகான சொல்லுக்குள் இருந்தது என்ன என்பது அந்தத் துண்டுத்தாளில் வெளிச்சமாகிவிட்டது.

நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், எல்லா மக்களும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை மதிப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் அதற்கு விளக்கம் கொடுத்தார்: அது நாஜிகளின் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்து எழுதியது, இந்தியா, பர்மா விஷயம் தனி. இப்படிச் சொன்னவர் அமைக்கிற ஆசிய மன்றத்தில் ஆசியாவுக்காகப் பேசப்போகிறவர்கள் யார்? லண்டன், பாரிஸ், தி ஹேக் நகரங்களிலிருந்து வருகிறவர்கள்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது திட்டத்தை நான் கடைசி இடத்தில் வைக்கிறேன்.

மூன்றாவது திட்டத்தின் நாயகன் ஹல்லை யாரும் அதிகம் பேசுவதில்லை. டென்னசி மலைப்பகுதிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், ரூஸ்வெல்ட் பல முக்கிய மாநாடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகாத வெளியுறவு அமைச்சர். அவருக்குக் கீழே இருந்துகொண்டே அதிபரின் காதைப் பிடித்திருந்த சம்னர் வெல்ஸ் வட்டாரத் திட்டத்தின் பக்கம் சாய்ந்தவர். 1943 செப்டம்பரில் வெல்ஸ் பதவி விலகியதும் ஹல்லின் கை ஓங்கியது. அடுத்த மாதம், 72 வயதில், உடம்பு சரியில்லாத நிலையிலும் விமானம் ஏறி மாஸ்கோ போனார். சீனாவைச் சேர்க்க மாட்டேன் என்று முரண்டு பிடித்த மொலொட்டோவை வழிக்குக் கொண்டுவந்து, அக்டோபர் 30 அன்று நான்கு நாடுகளின் பிரகடனத்தில் கையெழுத்து வாங்கினார். அமைதி விரும்பும் எல்லா நாடுகளின் இறையாண்மைச் சமத்துவத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு பொது அமைப்பு, சிறியதோ பெரியதோ எல்லோருக்கும் இடம் என்று அதில் எழுதப்பட்டது.

செனட் கேள்வியில் ஹல் முழு மதிப்பெண் வாங்கினார். வில்சன் தனியாக பாரிஸ் போய் ஒப்பந்தத்தோடு வந்து நின்று கெட்டார். ஹல் ஆரம்பத்திலிருந்தே இரு கட்சி செனட்டர்களையும் உட்கார வைத்துப் பேசினார். 1943 நவம்பர் 5 அன்று, உலக அமைப்பு ஒன்றில் அமெரிக்கா சேரலாம் என்ற கானலி தீர்மானம் 85-5 என்று நிறைவேறியது. 1920-இல் ஏழு வாக்குக்குத் தோற்ற அவையில் இது! ஆனால் வெற்றிக் களிப்பில் நவம்பர் 18 அன்று காங்கிரஸில் பேசியபோது கொஞ்சம் அதிகமாகவே பறந்துவிட்டார். இந்தப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தால் இனி ஆதிக்கப் பகுதிகளோ, கூட்டணிகளோ, பலச் சமநிலையோ தேவைப்படாது என்றார். ஸ்டாலின்கிராடு முடிந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. செம்படை மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. படை யாருடையது என்ற முதல் கேள்விக்கு ஹல்லின் திட்டத்தில் பதில் இல்லை என்பதை அந்த உரையே காட்டிக்கொடுக்கிறது. வெறும் சமத்துவத்தை மட்டும் வைத்துக் கட்டினால் அது ஜெனீவாவின் இரண்டாம் பதிப்பு.

ஆக, முதல் திட்டத்தில் கை இருக்கிறது, வாய் இல்லை. மூன்றாவதில் வாய் இருக்கிறது, கை இல்லை. ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? 1943 நவம்பர் 29 அன்று டெஹ்ரானில் ஸ்டாலினுடன் தனியாகப் பேசியபோது மூன்று அடுக்காகப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய 35 நாடுகள் கூடிப் பேசிப் பரிந்துரை செய்யும் பெரிய சபை. விவசாயம், உணவு, சுகாதாரம், பொருளாதாரம் பார்த்துக்கொள்ளும் பத்து நாட்டு நிர்வாகக் குழு. ஆபத்து வந்தால் உடனே இறங்கும் நான்கு போலீஸ். மறுநாள் தேதியிட்ட அவருடைய கிறுக்கல் படம் ஒன்று இன்றும் இருக்கிறது: காகிதத்தில் மூன்று வட்டங்கள், அதில் ஒன்றில் போலீஸ். உலக அமைதிக்கான வரைபடம் என்று சொல்லவே முடியாத அளவுக்கு அலட்சியமான கோடுகள்.

ஸ்டாலின் இதைச் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை. ஐரோப்பியச் சிறு நாடுகள் சீனா வந்து தங்களுக்கு நாட்டாமை செய்வதை ஏற்காது என்றார்; ஐரோப்பாவுக்கு ஒன்று, தூரக்கிழக்குக்கு ஒன்று என்று வைத்தால் என்ன என்று கேட்டார். அது சர்ச்சில் சொல்வதைப் போலவே இருக்கிறது என்று ரூஸ்வெல்ட் சுட்டிக்காட்டினார். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் பெரிய நாடுகளின் ஆசை ஆதிக்கப் பகுதியில் போய் நிற்கிறது என்பதற்கு இந்த உரையாடலே போதும்.

மூன்றாவது கேள்வி, ஸ்டாலின் உள்ளே இருப்பாரா என்பது, வீட்டோவாக, அதாவது ஒரு வல்லரசு மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும் உரிமையாக, வந்து முளைத்தது. 1944 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாஷிங்டனின் டம்பார்ட்டன் ஓக்ஸ் மாளிகையில் ஐ.நா.வின் எலும்புக்கூடு தயாரானது. ஜப்பானோடு போரில் இல்லை என்பதால் சோவியத் தரப்பு சீனர்களோடு ஒரே அறையில் உட்கார மறுத்து, மாநாடே இரண்டு பாதியாக நடந்தது. நான்கு போலீஸின் இடத்தில் வந்த பாதுகாப்பு கவுன்சிலில் பிரான்ஸுக்கு ஐந்தாவது நிரந்தர இடம் என்று முடிவானது. ரூஸ்வெல்ட் பிரேசிலுக்கும் ஒன்று கேட்டுப் பார்த்தார், மற்றவர்கள் விடவில்லை. வாக்களிப்பு விதி மட்டும் முடியாமல் 1945 பிப்ரவரியில் யால்டாவுக்குப் போனது. அங்கே ஸ்டாலின் பழைய காயம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பின்லாந்துப் போரின்போது, 1939 டிசம்பரில், பிரிட்டனும் பிரான்ஸும் சங்கத்தைத் தூண்டிவிட்டுத் தங்களை வெளியேற்றினார்களே, அது மறுபடி நடக்காது என்பதற்கு என்ன உறுதி என்றார். பின்லாந்து மீது படையெடுத்தவர் கேட்கிற கேள்வியா இது என்று நமக்குத் தோன்றும். ஆனால் பேரம் என்ற கோணத்தில் பார்த்தால் கேள்வி சரிதான். வல்லரசு ஒன்றைப் பெரும்பான்மை வாக்கால் கட்டிப்போட முடியாது. முயன்றால் அது எழுந்து போய்விடும். ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் சங்கத்திலிருந்து அப்படித்தான் எழுந்து போயின. வீட்டோ என்பது நீதி அல்ல, வெளிநடப்பைத் தடுக்கக் கொடுத்த விலை.

சிறிய நாடுகளைப் பற்றி யால்டா விருந்து மேசையில் பேசப்பட்டதைப் படித்தால் ரத்தம் கொதிக்கும். அல்பேனியாவுக்கும் மூன்று பெரிய நாடுகளுக்கும் சமக் குரல் என்பது அபத்தம் என்றார் ஸ்டாலின். கழுகு சின்னப் பறவைகளைப் பாட விட வேண்டும், எதற்காகப் பாடுகின்றன என்று கவலைப்பட வேண்டியதில்லை என்று சர்ச்சில் கவிதை பொழிந்தார். காலனிகளைப் பன்னாட்டு மேற்பார்வையில் வைக்கும் பேச்சு எழுந்தபோதோ அதே சர்ச்சில் வெடித்தார். நாற்பது ஐம்பது நாடுகள் பிரிட்டிஷ் பேரரசின் வாழ்க்கையில் விரலை நுழைப்பதற்கு ஒருக்காலும் சம்மதிக்க மாட்டாராம்.

ரூஸ்வெல்ட் ஏப்ரல் 12 அன்று இறந்தார். 25ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தை இறுதி செய்யும் மாநாடு தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் எவாட் தலைமையில் சிறிய, நடுத்தர நாடுகள் வீட்டோவைக் குறைக்க முட்டி மோதின. செனட்டர் கானலி எழுந்து, வீட்டோவைத் தோற்கடித்தோம் என்று சொல்லிக்கொண்டு வேண்டுமானால் நீங்கள் ஊருக்குப் போகலாம், ஆனால் சாசனத்தையே கிழித்துவிட்டோம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று கூறி, கையிலிருந்த வரைவைக் கிழித்துப் போட்டார். இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு ராமசாமி முதலியார். பிரிட்டிஷ் அரசு அனுப்பிய குழு அது. இவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்ல என்று விஜயலட்சுமி பண்டிட் அதே ஊரில் வெளியே நின்று அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானவரும் முதலியார்தான். ரூஸ்வெல்டின் வரைபடத்தில் உணவு, சுகாதாரம் என்று யாரும் கவனிக்காத பகுதியில் எழுதியிருந்த வேலை அது.

சரி, கலவையின் ஒவ்வொரு பாகமும் எப்படி ஓடியது?

போலீஸ் பாகம் கிளம்பவே இல்லை. சாசனத்தின் 43ஆம் பிரிவுப்படி உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்கென்று படைகளை ஒதுக்கித் தர வேண்டும். அதற்கான இராணுவக் குழு கூடியது. எத்தனை வீரர்கள், எங்கே நிறுத்துவது என்பதிலேயே 1947-இல் பேச்சு முட்டுச்சந்தில் நின்றது. அந்தப் பிரிவின்படி ஒரு ஒப்பந்தம்கூட இன்றுவரை போடப்படவில்லை.

சர்ச்சிலின் வட்டாரத் திட்டம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் கண்டத்துச் சண்டையில் சோவியத் வீட்டோ குறுக்கே வரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால், கூட்டாகத் தற்காத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் 51ஆம் பிரிவு சான் பிரான்சிஸ்கோவில் எழுதப்பட்டது. 1949-இல் அமெரிக்கத் தரப்பின் நேட்டோவும் 1955-இல் சோவியத் தரப்பின் வார்சா ஒப்பந்தமும் அதே பிரிவைத்தான் மேற்கோள் காட்டின. ஹல் இனி தேவைப்படாது என்று சொன்ன கூட்டணிகள் இரண்டும் அவருடைய சாசனத்தின் பெயரிலேயே பிறந்தன.

எஞ்சியது பெரிய சபை, அதாவது ஐ.நா. பொதுச்சபை. சிறிய நாடுகள் ஆண்டுக்கு ஒரு முறை கூடி மனக்குறையைக் கொட்டித் தீர்த்துக்கொள்ளட்டும் என்ற அளவில்தான் ரூஸ்வெல்ட் அதை வைத்திருந்தார். சபை கூடிய முதல் ஆண்டிலேயே, 1946-இல், தென்னாப்பிரிக்கா அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதத்தைப் பற்றி இந்தியா முறையிட்டது. அந்த இந்தியர்களில் பெரும்பகுதியினர் 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகள். தமிழ்க் குடும்பங்கள் அதில் ஏராளம். எதிரே வாதாட வந்தவர் சாமானியர் அல்ல, ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு வரைவு எழுதிய தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார் அவர். இந்தியாவுக்காக எழுந்து பேசியவர், போன ஆண்டு வெளியே நின்ற விஜயலட்சுமி பண்டிட். டிசம்பர் 8 அன்று 32-15 என்று மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு இந்தியா வென்றது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. தென்னாப்பிரிக்கா திருந்தியதா? இல்லை. ஆனால் நான்கு போலீஸ் மட்டும் இருந்திருந்தால் இந்த வழக்குக்கு ஒரு கதவுகூட இருந்திருக்காது. வட்டார மன்றம் இருந்திருந்தால் ஸ்மட்ஸே நீதிபதி.

இப்போது சூயஸ். 1956 அக்டோபர் இறுதியில் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் எகிப்தைத் தாக்கின. எத்தியோப்பியாவுக்காகக் கால்வாயை மூடியிருக்கும் என்று ரூஸ்வெல்ட் நம்பிய போலீஸில் ஒருவரும், பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த இன்னொருவரும் இப்போது கால்வாய்க்காகவே வம்பு செய்தவர்கள். பாதுகாப்பு கவுன்சிலில் இருவரும் வீட்டோ போட்டார்கள். கவுன்சில் முடங்கினால் சபை அவசரமாகக் கூடலாம் என்று 1950-இல் கொரியப் போரின்போது ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். அதைப் பயன்படுத்திச் சபை கூடியது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் யோசனைப்படி, பொதுச்செயலாளர் ஹாமர்ஷோல்ட் சில நாட்களிலேயே ஒரு அமைதிப்படையைத் திரட்டினார். கனடா, இந்தியா, யூகோஸ்லாவியா, பிரேசில், ஸ்வீடன் போன்ற நாடுகளின் வீரர்கள். நிரந்தர உறுப்பினர் ஒருவருடைய படையும் அதில் இல்லை. அமெரிக்கா பவுண்டின் கழுத்தில் கை வைத்ததுதான் பிரிட்டனை உண்மையில் பின்வாங்க வைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கௌரவமாக வெளியேற ஒரு வழி வேண்டியிருந்தது, அதைக் கொடுத்தது சபை.

இன்று ஐ.நா. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இதே மூன்று வழிகளுக்கு நடுவில்தான் சண்டை போடுகிறார்கள். இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் கேட்பது ரூஸ்வெல்ட் வழி: போலீஸ் எண்ணிக்கையைக் கூட்டு, எங்களைச் சேர். ஆப்பிரிக்க நாடுகள் 2005 முதல் கேட்டுவருவது தங்கள் கண்டத்துக்கென்று நிரந்தர இடங்கள். அதில் சர்ச்சில் வழியின் சாயல் இருக்கிறது, ஆனால் இம்முறை கேட்பவர்கள் அந்த வட்டாரத்துக்காரர்களே. மூன்றாவது வழியில் சத்தமில்லாமல் ஒரு காரியம் ஏற்கெனவே நடந்துவிட்டது. 2022 ஏப்ரல் 26 அன்று லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் சபை ஏற்றது. அதன்படி எந்த நாடு வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் சபை கூடி அதை விவாதிக்க வேண்டும்.

வீட்டோ அப்படியேதான் இருக்கிறது. இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைத்தால் நானும் மகிழ்வேன். அதற்கு ஐந்து பேரின் சம்மதமும் வேண்டும் என்பதால் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கவில்லை. டெல்லியின் ராஜதந்திரிகள் ஆறாவது போலீஸாகச் சேர எடுக்கும் முயற்சியில் பாதியையாவது, அந்தப் பத்து நாள் விவாதத்தைப் பல்லுள்ளதாக ஆக்குவதில் செலவிட்டால் 1946-இல் தாங்களே தட்டித் திறந்த கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகும்.